நிழலில் காய ஐந்து நாள்

9 பிப்ரவரி 1999, செவ்வாய்

இன்று தம்பி சேகரை அடித்துவிட்டேன்.

மனைவியின் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைக்க ஆவாரம்பூவை நானே திருப்போரூர் சாலையோரம் பறித்து வந்து, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பாய் விரித்துப் பரப்பியிருந்தேன். நிழலில் காய ஐந்து நாள் ஆகும். மூன்றாம் நாளான இன்று மதியம் பாய் நடுவெயிலில் கிடந்தது. பூவெல்லாம் வைக்கோலாக வெளுத்திருந்தது.

மாடி வீட்டிலிருந்து சேகர் வந்தான். "நான்தாண்ணா இஸ்து வுட்டேன். நெழல்ல எப்போ காயறது? இம்மாம் படிச்சிகினு இதுகூடத் தெரியல ஒனக்கு" என்று சிரித்தான்.

அப்பாவிடம் இப்படிச் சிரித்தே அந்த மாடி வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கியவன். துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்த கம்பை உருவி முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். மனைவி கம்பைப் பிடுங்கியிராவிட்டால் செத்திருப்பான்.

அவள்தான் அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸுக்காகக் காத்திருந்தேன். முதல் கேள்விக்கே, அப்பா செய்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். புருவத்தில் ஐந்து தையல். கண் தப்பியது. படியில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னானாம். மனைவி கண் கலங்கச் சொல்கிறாள்.

இனி என்னை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.