சாமிக்கு முன்னால் வைத்த ஸ்பொஞ்ச்

ஓகஸ்ட் 27, புதன்

கச்சான் காற்று. நாள் முழுக்கப் புழுதி, கண்ணெல்லாம் எரிச்சல். இரசாயனக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தங்கச்சி வீட்டில் எதையும் எடுத்து வாசிப்பாள், இரசாயனத்தைத் தவிர.

முடிவாகிவிட்டது!! பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மீன்தொட்டிக்கு ஸ்பொஞ்ச் பில்டர்தான். நான் சொன்னதுதான்!

கனடாவில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் தந்த தொட்டி அது. மூன்று அடி. கப்பி, நியோன் என்று குட்டி மீன்கள், நிறையச் செடி. கூடவே வந்த தொங்கு பெட்டி பில்டர் குஞ்சுகளை உறிஞ்சி எடுக்கிறது. போன கிழமை திறந்தால் உள்ளே ஆறு குஞ்சு, நனைந்த கடதாசித் துண்டு மாதிரி. நானும் கோபிகாவும் அழுதேவிட்டோம். விஞ்ஞான ரீச்சர், "அழுது என்ன செய்யிறது? வேறை என்ன போடலாம் எண்டு தேடிக்கொண்டு வாங்கோ" என்றா.

தேடினேன்.
– வெளியே வைக்கும் பெரிய உருளை: நல்லாக வடிக்கும். ஆனால் கரண்ட் போய் நெடுநேரம் நின்றால் உள்ளே நாறும். எங்கள் ஊர்க் கரண்டை நம்பியா!
– ஸ்பொஞ்ச்: குஞ்சை இழுக்காது. சின்னக் காற்று மோட்டார் போதும். நல்ல பக்டீரியா அதில் குடியேறி மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவைத் தின்னும். குடியேற ஒரு மாதம். அதுவரை பழைய பெட்டியும் ஓடட்டும், வாயில் வலைத்துணி கட்டி.
– கவனம்: குமிழி கூடினால் செடிக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு பறந்துவிடும். குழாயில் வால்வு போட்டு மெல்ல விடவேண்டும்.

கோபிகா: "அடியே, இது பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்ச்தானே?"
"போடி!"

நாளை கணித வினாத்தாள். படிக்கவில்லை.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

அம்மா வயலுக்குப் போகும்போது கத்திவிட்டுப் போனா. "பத்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, மீனுக்குத் தாயாப் போனாள்."

ஆனால் இன்று பார்த்தது! மேலதிக வகுப்பு முடிந்து போனால் செடி இலைகளின் நுனியெல்லாம் முத்து முத்தாகக் குமிழி. பில்டரின் குமிழி இல்லை, செடியே விடும் ஒட்சிசன். புத்தகத்தில் படம் போட்டுக் கீழே எழுதுவோமே, அதே விஷயம் கண்ணுக்கு முன்னால். கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி. பழைய பெட்டியைக் கழற்றி ஒரு கிழமை. ஸ்பொஞ்ச் தனியாகவே சமாளிக்கிறது. கறுப்பு ஸ்பொஞ்ச் மண்ணிறமாகிவிட்டது.

ஆய்வுகூடக் கதவுத் திறப்பு என் பையில். முழுப் பள்ளிக்கூடத்திலும் என்னிடம் மட்டும்!!

கனடா அக்கா வருகிற 9ஆம் திகதி தொட்டியைப் பார்க்க வருகிறாவாம். உப அதிபர் கூட்டத்தில் சொன்னார்: "ஒரு மீன் மிதந்தாலும் பொறுப்பு ஆர் எண்டு எனக்குத் தெரியும்." எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஒக்ரோபர் 1, புதன்

நாளை வாணி விழா. இன்று பள்ளிக்கூடம் முழுக்கத் தண்ணீர், கூட்டுகிற தும்புத்தடி, மாவிலை. எங்கள் பள்ளிக்கூட வழக்கம், புத்தகத்தோடு வேலை செய்கிற சாமான் எல்லாம் பூசையில் வைப்பது. பாண்ட் வாத்தியம், தையல் மெசின், நுணுக்குக்காட்டி. உப அதிபர் வாசலில் நின்று, "ஆய்வுகூடத்திலை ஓடுற சாமான் ஒண்டும் மிஞ்சப்படாது, எல்லாம் கழுவி வையுங்கோ" என்றார்.

ஓடுகிற சாமான் என்றால் என் பில்டரும்தானே!

சாமிக்கு முன்னால் ஊத்தையோடு வைக்க முடியாது. சவர்க்காரம் போடவில்லை, மீனுக்குக் கூடாது என்று தெரியும். குசினியில் கொதிதண்ணீர் வாங்கி இரண்டு தரம் ஊறவைத்துப் பிழிந்தேன். தேத்தண்ணி நிறத்தில் எவ்வளவு ஊத்தை! புதிது மாதிரி வரும்வரை விடவில்லை. பிறகு வெயிலில் காயவைத்து, காற்று மோட்டாரையும் கழற்றித் துடைத்து, இரண்டையும் நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். உப அதிபர் தன் கையாலேயே சந்தனப் பொட்டு வைத்தார். "ஆரின்ரை யோசினை இது? நல்ல பிள்ளை." இதுவரை அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

யோகாக்கா பினாயில் போட்டு விறாந்தை துடைத்துக்கொண்டிருந்தா. பள்ளிக்கூடம் கூட்டித் துடைப்பது அவதான், நாள் சம்பளத்துக்கு. "மீனுக்கும் பூசையோ? எங்களுக்கு எப்ப?" என்று சிரித்தா.

சந்தோஷமான நாள். கால் உளைவு.

ஒக்ரோபர் 2, வியாழன்

பூசை. அவல், கடலை, இரண்டு மோதகம். பூசை முடிந்ததும் பில்டரைத் திரும்பப் பூட்டினேன். குமிழி பளிச்சென்று. பொட்டை அழிக்க மனமில்லை, மோட்டாரில் அப்படியே இருக்கிறது. மீன்களுக்கும் விழா என்று இரண்டு பங்கு தீன் போட்டேன்.

ஒக்ரோபர் 3, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

காலையில் தண்ணீர் பால் கலந்த மாதிரி. மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நியோன் இரண்டு செத்து அடியில். பின்னேரம் இன்னும் மூன்று.

உப அதிபர் வந்தார். மூக்கை உறிஞ்சினார். "பினாயில் மணக்குது." யோகாக்காவைக் கூப்பிட்டார்.

"உள்ளுக்கை பினாயில் அடிச்சனீங்களோ?"
"இல்லை சேர். விறாந்தையும் கதவடியும்தான்."
"பேந்து மீன் ஏன் சாகுது? தன்பாட்டிலையோ?"
"நான் தொட்டிப்பக்கமே போகேல்லை சேர்."
"ஒன்பதாம் திகதி அந்தப் பிள்ளை வந்து பாக்கேக்கை நான் என்ன சொல்லுறது? செவ்வாய்க்கிழமை அதிபர் வரட்டும். உங்களை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு அவர் சொல்லுவார்."

நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். பினாயிலாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைத் திறந்தேன். ஓகஸ்ட் 27. "நல்ல பக்டீரியா அதில் குடியேறி." என் கையெழுத்து.

கொதிதண்ணீர்.

ஒக்ரோபர் 4, சனி

கோபிகாவிடம் மட்டும் சொன்னேன். அவள், "கடைக்கார அண்ணாவுக்குப் போன் அடிச்சுக் கேப்பம்" என்றாள். கிளிநொச்சியில் மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவர். முதல் ஸ்பொஞ்ச் வாங்கியதும் அவரிடம்தான்.

சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். எனக்கு அழுகை.

"தங்கச்சி, அது ஊத்தை இல்லை, சனம். ஊர்ச் சனத்தையே கொதிதண்ணி ஊத்திக் கலைச்சுப்போட்டு, ஏன் கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு எண்டு கேக்கிறாய்."

"இப்ப என்ன அண்ணா செய்யிறது?"

– தீன் நிறுத்து. மூன்று நாள். (வியாழன் இரண்டு பங்கு போட்டேன்!)
– இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று. பழகின கிணற்றுத் தண்ணீர்தான். நாளையும் மாற்று.
– காற்றைக் கூட்டு. செடி பொறுக்கும்.
– அவருடைய கடையில் ஓடுகிற தொட்டியிலிருந்து ஊத்தை ஸ்பொஞ்ச் ஒன்று தருவார். காயவிடாமல், சூடு பிடிக்கவிடாமல் கொண்டு போய்ப் போடவேண்டும்.

திறப்பு இருப்பதால் உடனே போய்த் தண்ணீர் மாற்றினோம். பதினொரு வாளி. கை கொப்பளம். கோபிகா கிணற்றடியில் நின்று, "உனக்காக இல்லையடி, நியோனுக்காக" என்றாள்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

பொய் 1: அம்மாவிடம், படம் போடக் கடதாசி வாங்கப் போகிறோம் என்றேன். கடதாசியும் வாங்கினேன். ஆகவே அரைப் பொய்.

அண்ணா தன் பெரிய தொட்டியிலிருந்து ஸ்பொஞ்சை எடுத்தார். கரும் மண்ணிறம், வழுவழு, பார்க்கவே அருவருப்பு. எனக்கு அதைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல. அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு, மூடிவாளியில் தந்தார். பதிலுக்கு என் பளிச்சென்ற ஸ்பொஞ்சை வைத்துக்கொண்டார். கோபிகா வழி முழுக்கச் சிரிப்பு: "உலகத்திலை சுத்தமானதைக் குடுத்து ஊத்தையை வாங்கிக்கொண்டு போறவள் நீ ஒருத்திதான்!"

ஊருக்குத் திரும்ப ஜெயபுரம் பஸ். மடியில் வாளி. கொண்டக்டர்: "என்ன பிள்ளை, பாயாசமோ?" மூடியைத் திறந்து காட்டினேன். "ஐயோ மூடு, மூடு!" பின்னால் இருந்த கிழவர், "கோயில் தீர்த்தம் மாதிரியெல்லோ பிடிச்சிருக்கிறாள்" என்றார். வெயில் விழாமல் சால்வையால் மூடினேன். வளைவில் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை!!

போட்டாயிற்று. தொட்டி கலங்கி மண்ணிறமாகி, மெல்ல அடங்கியது. ஒரு நியோன் மேலேயிருந்து இறங்கிச் செடிக்குள் போனது. ஒன்றுதான். ஆனால் போனது!

ஒக்ரோபர் 6, திங்கள்

பௌர்ணமிப் போயா. விடுமுறை. முதல் மழை, கால் மணித்தியாலம். முற்றம் மணக்கிறது.

சைக்கிளில் போய்ப் பார்த்தேன். சாவு இல்லை!!! மேலே வாய் திறப்பவை நாலே நாலு. தண்ணீரில் பால் நிறம் பாதி போய்விட்டது. தனியாக நின்று துள்ளினேன், மேசையில் இடித்து முழங்கால் நீலம்.

திரும்பும் வழியில் யோகாக்காவின் வீடு. அவ முற்றத்தில் மாட்டுச் சாணி அள்ளிக்கொண்டிருந்தா. மீன் பிழைத்துவிட்டது என்று கத்த வாயெடுத்தேன். அவவின் மகள் பள்ளிச் சட்டை தோய்த்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

நாளை செவ்வாய். அதிபர் வருகிறார். மீன் பிழைத்தால் பினாயில் கதை தானாகவே மறந்துபோகாதா? போகாது. உப அதிபர் ஒன்றையும் மறப்பதில்லை.

சொன்னால்: திறப்புப் போகும். கனடா அக்கா வரும்போது வேறு யாரோ தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அப்பாவுக்குக் கடிதம் வரும். சொல்லாவிட்டால் அந்தச் சட்டை.

பயமாக இருக்கிறது.

ஒக்ரோபர் 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலைப் பிரார்த்தனைக்கு முன்பே. அதிபரின் அறை. அதிபர், உப அதிபர், ரீச்சர். யோகாக்கா கதவடியில், தும்புத்தடியோடு. ஒரே மூச்சில் சொன்னேன், கொதிதண்ணீர், வெயில், பக்டீரியா, எல்லாம். "நான்தான் கழுவினனான் சேர். பினாயில் இல்லை."

உப அதிபர்: "கொதிதண்ணியோ? ஆர் பிள்ளை உன்னைக் கழுவச் சொன்னது?"

பூசைக்குக் கழுவச் சொன்னவரே அவர். ரீச்சர் சுவரைப் பார்த்தா, தோள் குலுங்கியது. சிரிப்பு. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொட்டு இன்னும் மோட்டாரிலை இருக்கெண்டு கேள்விப்பட்டன். வைச்சது ஆர்?"

உப அதிபரின் காது சிவந்தது. "சரி, சரி. யோகா, நீங்கள் போய் வேலையைப் பாருங்கோ." அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. திறப்பையும் கேட்கவில்லை. ரீச்சர் என் தலையில் கொப்பியால் ஒரு தட்டு. திறப்பு என்னிடமே!!

பறந்துகொண்டு வெளியே வந்தால் யோகாக்கா விறாந்தையில் நிற்கிறா.

"வெள்ளிக்கிழமை நீ அந்த அலுமாரிக்குப் பக்கத்திலைதானே நிண்டனி?"
"ஓம் அக்கா."
"நாலு நாள்."
"ஓம்."

தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய்விட்டா. நான் நின்றேன். பறந்தது எங்கேயோ போய்விட்டது.

ஒக்ரோபர் 8, புதன்

தண்ணீர் தெளிவு. முழுத் தொட்டியும் தெரிகிறது. செடிக்குள் கப்பிக் குஞ்சு ஏழு! இல்லை, எட்டு. இந்தக் கலவரத்துக்குள் எப்போது போட்டதோ. கோபிகா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கிறாள், ஒன்றுக்குக் கொண்டக்டர்.

எழுதி ஒட்டியாயிற்று: ஸ்பொஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே பிழியவும். இரண்டு பிழி. சுத்தமாகும்வரை வேண்டாம். கீழே என் பெயர்.

மாற்றிய தண்ணீரைக் கழிவுக் கானுக்குள் ஊற்றப் போனபோது பின்னாலிருந்து சத்தம். "ஏன் அதை வீணாக்கிறாய்?" யோகாக்கா. சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் அவவின் கத்தரிப் பாத்தி. முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். முதல் கன்றுக்கு ஊற்றினேன்.

"இலையிலை ஊத்தாதை. வேரிலை ஊத்து."

வேரில் ஊற்றினேன். அவ அடுத்த கன்றைக் காட்டினா.