துஹாவின் திங்கட்கிழமை மேலங்கி

நாபெல், துனிசியா, ஏப்ரல் 10

துஹாவின் தாயார் மப்ரூக்கா அவர்களுக்கு,

சலாம். வீட்டில் எல்லோரும் நலம்தானே?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்று காலைக் கொடி வணக்கத்தில் துஹா பள்ளிச் சீருடை மேலங்கியைக் கழற்றி வீசிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன திங்களும் இதே கதைதான். வியாழன், வெள்ளியில் பார்த்தால் தங்கமான பிள்ளை. ஒலிபெருக்கிச் சத்தம் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். காதுக்கு மூடி வாங்கித் தருகிறேன். கடைசி வரிசையில் என் பக்கத்திலேயே நிற்கட்டும்.

தலைமையாசிரியர்தான் பொறுமை இழந்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா, வருஷம் முடியற வரைக்கும் வீட்டுலயே வெச்சுக்கச் சொல்லிடுங்க" என்கிறார். ஒன்றாம் வகுப்பிலேயே அவளை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

அன்புடன்,
வகுப்பாசிரியை நஜ்லா

---

ஏப்ரல் 11

நஜ்லா டீச்சருக்கு,

சலாம். கடிதம் படித்தேன். என் மகள் அடக்கமான பெண். யாரோ கண் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறுதோறும் அவள் மேலங்கியைத் துவைத்து, கஞ்சி போட்டு, இந்தப் பருவத்து ஆரஞ்சுப்பூத் தண்ணீரைத் தெளித்துத் தேய்க்கிறேன். நானே செப்புப் பானையில் காய்ச்சி வடித்தது. இந்தத் தெருவில் என் தண்ணீருக்கு ஈடு கிடையாது. பயத்துக்கு இதைவிட மருந்து உண்டா? இனி இரண்டு பங்கு தெளித்து அனுப்புகிறேன். உங்களுக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன். காபியில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்துப் பாருங்கள்.

மப்ரூக்கா

---

ஏப்ரல் 17

அன்புச் சகோதரி,

காபி பிரமாதம். ஆனால் நல்ல செய்தி இல்லை. காதுமூடி போட்டும், கடைசி வரிசையில் நின்றும், துஹா இன்று மேலங்கியைக் கிழிக்காத குறைதான். தலைமையாசிரியரிடம் கெஞ்சி இன்னும் ஒரே ஒரு திங்கட்கிழமை தவணை வாங்கியிருக்கிறேன்.

வகுப்புக்குக் கூட்டி வந்து, அமைதியாகட்டும் என்று உங்கள் பாட்டிலைத் திறந்து அவள் நெற்றியில் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டு ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். "ஏன்டி கண்ணு?" என்று கேட்டேன். "மூக்குக்குள்ள கத்துது டீச்சர்" என்றாள். அப்புறம்தான் மேலங்கியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதே பூ வாசம்தான். வியாழக்கிழமைக்குள் அது மங்கிவிடும் போல, அதனால்தான் அவளும் சரியாகிவிடுகிறாள். காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூக்கு எனக்குத் தோன்றவே இல்லை. தப்பு என்னுடையதும்தான்.

இந்த ஞாயிறு வெறும் சோப்பில் துவைத்து அனுப்புங்கள். கஞ்சியும் வேண்டாம், பூத்தண்ணீரும் வேண்டாம்.

நஜ்லா

---

ஏப்ரல் 18

டீச்சர்,

என் கல்யாணத்தில் எனக்குத் தெளித்த தண்ணீர் அது. துஹா பிறந்த அன்று அவள் தொட்டிலிலும் அதைத்தான் தெளித்தேன். ஊரே வாசலில் நின்று வாங்கிப் போகிறது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு மட்டும் ஆகாதாமா? பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மப்ரூக்கா

---

ஏப்ரல் 19

அன்புச் சகோதரி,

பாட்டிலைத் துஹாவிடம் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. உங்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. நமக்கு மெல்லத் தெரிவது சில பிள்ளைகளுக்குப் பத்து மடங்காகத் தெரிகிறது. அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை, அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது. ஒரே ஒரு ஞாயிறு எனக்காகச் செய்து பாருங்கள். அதற்குமேல் என்னிடம் தவணை இல்லை.

நஜ்லா

---

ஏப்ரல் 24

அன்புள்ள நஜ்லா டீச்சருக்கு,

சலாம். கொடி ஏறி முடியும் வரை துஹா நின்றாள் என்று நீங்கள் பள்ளி வாயிலில் சொன்னதும் விடைபெறாமலே திரும்பி நடந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் போன வாரத்தோடு போயிற்று.

வெறும் சோப்பில் மூன்று முறை அலசினேன். எங்கள் வீட்டு மாடி முழுக்கப் பூ வாசம் என்பதால், என் தங்கை வீட்டு மாடியில் காயப்போட்டேன். "உன் வீட்டு மாடிக்கு என்னக்கா வந்துச்சு?" என்று அவள் சிரித்தாள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பூக்காலம் வந்தால் துஹா என்னிடம் வரமாட்டாள். கட்டிப்பிடித்தால் திமிறிக்கொண்டு அப்பாவிடம் ஓடுவாள். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன் டீச்சர். யாரிடம் சொல்வது? அழுதுவிட்டு மறுபடி அடுப்பை மூட்டுவேன். இன்று வடித்து முடித்ததும் குளித்து, உடை மாற்றி, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவளாக வந்தாள். என் கையை முகர்ந்து பார்த்தாள். "இப்ப கத்தலைம்மா" என்று மடியில் படுத்துக்கொண்டாள். இதை ஒற்றைக் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பாட்டிலை மறுபடி உங்களுக்கே அனுப்புவேன், என் தங்கை கொண்டுவந்து தருவாள். உங்கள் வீட்டுக் காபிக்கு மட்டும். வகுப்பில் திறக்காதீர்கள்.

துஹாவின் அம்மா,
மப்ரூக்கா