வழி சொல்லாத பெயர்கள்

அக்கா,

இன்று காலை வேலைக்குப் போகும்போது சீனி ஆலையின் வாசனை வந்தது. சீனி எடுக்கும் பீற்றூட் அவியும் வாசனை. ஈரமண்ணும் வெல்லமும் கலந்ததுபோல. ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே ஒரு கிராமத்துப் பழைய விடுதியில், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு நாமிருவரும் ஒரே அறையில் காத்திருந்த ஆண்டுகளில், இலையுதிர்காலம் முழுவதும் அந்த வாசனை நம் உடுப்புகளில் இருந்தது.

விசாரணையில் அதிகாரி உங்கள் ஊரை வரைபடத்தில் தேடியிருக்கிறார். "மன்னார் இருக்காம், என்ரை ஊர் இல்லையாம்" என்று சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னீர்கள். உங்களுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கிழமையே ஒரு கசெற் ரெக்கோடரை இரவல் வாங்கினீர்கள். விடுதியிலிருந்த மன்னார்ச் சனத்திடம், அவரவர் தேவாலயப் பங்குக்கு உட்பட்ட ஊர்களிலுள்ள வயல், குளம், ஒழுங்கைப் பாதை எல்லாவற்றின் பெயரையும், அது எங்கே, ஏன் அந்தப் பெயர் என்பதையும் கேட்டுப் பதிந்தீர்கள். யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அது பொழுதுபோக்காகவே தெரிந்தது.

உங்கள் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த ராசன் அண்ணைக்கு அப்படித் தெரியவில்லை. ஒருநாள் சமையலறையில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

"ஆருக்கு அக்கா இதெல்லாம் பதியிறியள்? அந்த ஒழுங்கையளாலைதான் இப்பவும் சனம் ஓடுது. இது ஆமிக்காரன்ரை கையிலை போனால்?"

நீங்கள் அறைக்குப் போய் ரெக்கோடரை எடுத்துவந்தீர்கள்.

"ஓம் தம்பி. நான் அதை நினைக்கேல்லை."

பெயர்கள் பதிந்த கசெற்றையே திரும்பப் போட்டு, பதியும் பொத்தானை அமத்தி, மேசை நடுவில் வைத்தீர்கள். யாரும் பேசவில்லை. யாரோ இருமினார்கள். பெயர் சொன்ன குரல்கள் அழிந்து, அவற்றின்மேல் அந்த இருமல் பதிந்தது. இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

பிறகு நீங்கள் விடுதி இருந்த கிராமத்து வயல்களின் பெயர்களைக் கேட்கத் தொடங்கினீர்கள். டொச் மொழி பழகவும் உதவும் என்றீர்கள். பால் விற்கும் கிழவி, தேவாலயத்துக்குப் போகும் ஒரு வரம்பைக் காட்டி, அது பிணப்பாதை என்றாள். தூரத்து வீடுகளிலிருந்து சவம் கொண்டுவந்த வழி. அதை நீங்கள் சமையலறையில் சொன்னபோது ராசன் அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாய் ஊரில் செத்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. அவரால் போக ஏலவில்லை.

அடுத்த ஞாயிறு அவராகவே நம் அறை வாசலுக்கு வந்தார்.

"அம்மா குளிச்ச குளம் ஒண்டிருக்கு, அக்கா. பேரைப் பதியுங்கோ. வழியைக் கேக்காதேங்கோ."

குளத்தின் பெயர் பிள்ளைதேடி. காணாமற்போன குழந்தையை ஒரு தாய் தேடிய குளம் என்றார். விடுதியிலிருந்த அந்தப் பக்கத்துப் பெண்ணொருத்தி, பிள்ளை இல்லாதவர்கள் முழுகும் குளம் என்றாள். இருவரும் வாதாடினார்கள். "ரெண்டையும் சொல்லுங்கோ. எது சரியெண்டு நான் கேக்கேல்லை" என்றீர்கள். அதன்பிறகு பதிந்த எதிலும் வழி இல்லை.

உங்களை இங்கே அடக்கம் செய்த மறுவருடம் நான் மன்னாருக்குப் போனேன். பெயரைச் சொல்லிச் சொல்லி விசாரித்ததில், ஓர் இளம்பெண் குளத்தைக் காட்டினாள். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன்.

"சண்டைக்காலத்திலை பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். தேடி வந்த தாய்மார் இந்தக் குளக்கட்டிலைதான் இருந்தவையாம். அதாலைதான்."

அது அதற்கும் முந்திய பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். அவள் சொன்னதை, சொன்னபடியே பதிந்து வைத்திருக்கிறேன்.