மாசிக்கு யன்னல் திறந்தவன்

புதன், கார்த்திகை 19

மகன் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறான். நான் வைத்த இரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளினான். மனைவி ஹனாவிடம் சாபுஷி கேட்டான். அது ஜப்பானில், அவளின் ஊரான ககோஷிமாவில், வருத்தக்காரருக்குக் கொடுப்பது. காய்ந்த சூரை மீன் சீவலையும் மிசோ என்ற புளித்த சோயா விழுதையும் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தேநீரை ஊற்றுவாள்.

இன்று சீவல் முடிந்துவிட்டது. ஹனா குசினிக்குள் வந்து மெல்லக் கேட்டாள்.

"மாமி, உங்கட மாசி கொஞ்சம் தாறீங்களோ? அதுவும் அதே மீன்தானே."

இந்தக் குளிர்நாட்டில் எங்கள் ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் வாங்கிய மாசி, சம்பலில் இடித்துப் போடும் சூரைக் கருவாடு. நான் சம்பலுக்கு இடித்த அன்று, "வீடு நாறுது அம்மா" என்று எல்லா யன்னலையும் திறந்து, டின்னைக் கீழே கெல்லர் நிலவறைக்கு அனுப்பியவன் இந்த மகன்தான். அன்று வெளியே பனி கொட்டியது. நடுங்கிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

முழங்கால் வலியோடு படியிறங்கிப் போய் எடுத்துவந்தேன். நானே இடித்துக் கொடுத்தேன்.

ஹனா தேநீர் ஊற்றிக் கொடுத்த கிண்ணத்தை மகன் வழித்துக் குடித்தான்.

"வாசத்தைப் பாருங்கோ அம்மா. காய்ச்சலுக்கு இதெல்லோ சாமான்!"

ஹனாதான் சொன்னாள்.

"அது மாமியின்ர மாசி."

வெறுங்கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நாறுதுதான். உந்த யன்னலைத் திறந்துவிடும்" என்றான் அவளிடம்.

ஹனா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதையும் நான் மறக்கமாட்டேன்.