எஸ்தர் அக்கா அடுக்கிய சீட்டுகள்

என் பிரியமுள்ள எஸ்தர் அக்கா,

கர்த்தருக்குள் இளைப்பாறுகிற உன்னை எழுப்பிச் சண்டை போடுகிறேன் என்று நினைக்காதே. இதை வேறு யாரிடம் கேட்பேன்?

போன வாரம் உன் மகள் மேரி புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்தாள். நீ போய் எட்டு மாதம் கழித்து இப்போதுதான் உன் அலமாரியைத் திறக்க அவளுக்கு மனம் வந்திருக்கிறது. வசனச் சீட்டுகள் போட்டுவைக்கும் உன் வாக்குத்தத்தப் பெட்டியை என் மடியில் வைத்தாள். "புது வருசத்துக்கு இனிமே நீங்கதான் கொடுக்கணும் மாமா" என்றாள். பெட்டியின் அடியில் ஒரு நோட்டு இருந்தது.

அதை மேரி முன்னாலேயே படித்தேன்.

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் நீ பெட்டியோடு பெஞ்சு பெஞ்சாக வருவாய். வசனச் சீட்டுகள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். யாராவது அடியிலிருந்து உருவப் போனால் கையில் தட்டுவாய். "கிளறாத. மேலாப்புல இருக்கறத எடு. கர்த்தர் குடுக்கறத வாங்கிக்க." அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நம் தோட்டத்துச் சபை வருடம் முழுவதும் வாழும்.

நாமெல்லாம் எப்போதும் அதே இடத்தில் உட்காருகிறவர்கள். நோட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் பெஞ்சு வரிசைப்படி பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வசனம். உன் கையெழுத்து. அப்படியானால் அடுக்கியது நீயா?

என் பெயரைத் தேடினேன். நினைவிருக்கிறதா, சபைக் கமிட்டியில் ஒருவர் என்னைக் குறித்து, "மூணாம் வகுப்பு படிச்சவரு ஞானஸ்நான வகுப்பு எடுக்கலாமா?" என்று கேட்டாரே? வகுப்புச் சாவியை மேசையில் எறிந்துவிட்டு வந்தேன். போதகர் கெஞ்சியும் அசையவில்லை. அடுத்து வந்த புத்தாண்டில்தான், 'என் ஆடுகளை மேய்ப்பாயாக' என்று சபையாரை வழிநடத்தச் சொல்லும் வசனம் எனக்கு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். மறு ஞாயிறே சாவியைக் கேட்டு வாங்கினேன். அதன்பின் பதினான்கு வருடம் பாடம் சொன்னேன். கர்த்தர் சொன்னார் என்று நம்பி.

"கர்த்தர் பேர்ல பொய் சொல்லியிருக்கா உங்கம்மா" என்றேன் மேரியிடம்.

"ஜெபம் பண்ணித்தான் போட்டிருப்பாங்க லா மாமா."

"ஜெபம் பண்ணிட்டு கலைச்சுல்ல போட்டிருக்கணும்."

மேரி உன்னைப் போலவே வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள். "கலைச்சிருந்தா, கெழவி சாராளுக்குப் புள்ள பொறக்கற வசனம் ஒங்களுக்கு வந்திருக்கும். யாரு சொன்னாலும் கேக்க மாட்டீங்க, கர்த்தர் சொன்னாத்தான் கேப்பீங்கன்னு அம்மாவுக்குத் தெரியும்."

அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் நீ செய்தது தவறு அக்கா. என் சாவு வரைக்கும் அதைத் தவறு என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் பெயருக்கு எதிரே எந்த வருடமும் வசனம் இல்லையே, கடைசியில் மிஞ்சிய சீட்டைத்தான் எடுத்துக்கொண்டாயா?

நேற்று ஞாயிறு. நான் வகுப்புக்குப் போகவில்லை. ஐந்து பேர் காத்திருந்து திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பாசிர் பெனம்பாங் மீனவர் ஊரில் மீன் ஆய்கிற பெண். "எனக்குப் படிக்கத் தெரியலைன்னு ஐயாவுக்குக் கோவமா?" என்று ஆராதனைக்குப் போயிருந்த மேரியிடம் கேட்டாளாம்.

அதைக் கேட்ட பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை அக்கா.

புத்தாண்டில் பெட்டியை நான் ஏந்துவேன், எல்லோர் கண் முன்னாலும் சீட்டுகளைக் கலைத்துவிட்டு. வருகிற ஞாயிறு வகுப்பைத் திறப்பேன். அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பாடமாகவே எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். இதற்கு எந்தச் சீட்டும் எனக்கு வரவில்லை. நானாகத்தான் போகிறேன்.

யார் சொல்லும் கேளாத உன் தம்பி,
சாமுவேல்