மூன்று முடை

மார்ச் 3, செவ்வாய்

பிரம்பு வந்துவிட்டது. ஒரு கட்டு என்றால் கையில் அடங்கும் என்று நினைத்துச் சொல்லியிருந்தேன். வந்தது, அழைக்காத விருந்தாளி மாதிரி கூடத்தில் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கிறது. இவர் அதைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போனார். விலையைக் கேட்டார், சொன்னேன்.

“இந்தக் காசுக்கு அஞ்சு கூடை வாங்கியிருக்கலாமே.”

கூடை வேண்டும் என்று யார் சொன்னது? கைக்கு வேலை வேண்டும். அதைச் சொன்னால் அந்தப் பேச்சு வந்துவிடும். மகள், எங்கள் சுண்டெலி, பிறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து அவள் மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். வருகிறது. படுக்கிறேன். மறுபடி எழுகிறேன்.

மார்ச் 6

ஊறாத பிரம்பை வளைத்தால் படக்கென்று முறிகிறது. அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? சுண்டெலியின் குளியல் தொட்டியில் ஊறப் போட்டுவிட்டு, அவளைச் சமையலறை சிங்க்கில் குளிப்பாட்டுகிறேன். அத்தை வந்து பார்த்தார். “என்னம்மா, என் பேத்தியையும் சாமானோட சேத்துக் கழுவுறியா?”

மார்ச் 9

தொட்டியில் தண்ணீர் மாற்ற மறந்துபோனேன். வீடே நாறுகிறது. இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கூடை முடையறேன்னு ஆரம்பிச்ச, பணமுடை வந்துச்சு. இப்ப முடைநாத்தமும் வந்தாச்சு. ஒரே வார்த்தையில மூணையும் முடிச்சிட்ட.”

கோபமாக இருக்கத்தான் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

கூடையின் அடிப்பாகம் மட்டும் தேறியிருக்கிறது. தேய்ந்த செருப்பு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு. ஆனால் முடைகிற நேரத்தில் சுண்டெலி நினைப்பே வரவில்லை — அது உறைத்ததும் ஓடிப்போய் விரல் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 13

விளிம்புக்கு நீலச் சாயம் தோய்த்தாயிற்று. கை வலிக்கிறது. நல்ல வலி.

மார்ச் 14, சனி

இதை எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். சுண்டெலி தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு நீலம். மூக்குக்குக் கீழே நீலம். எதற்குப் பயந்தேனோ அது வந்தேவிட்டது. வாரித் தூக்கினேன், வீறிட்டு அழுதாள். அழுகிற குழந்தைக்கு மூச்சு இருக்கத்தானே செய்யும்? அது புத்திக்கு எட்டவில்லை. இவர் பனியனோடு வண்டியை எடுத்தார். என் காலில் செருப்பு ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது.

டாக்டரம்மா குழந்தையின் கால் விரலில் கிளிப் மாட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அவருக்கு மட்டும் எப்படி அவசரமே இல்லை?

“மூச்சு நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப உதடு ஏன் டாக்டர் இப்படி...”

பஞ்சை நனைத்து உதட்டை ஒருமுறை துடைத்தார். பஞ்சு நீலமாயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்க கையைக் காட்டுங்க.”

மணிக்கட்டு வரை நீலம். காலையிலிருந்து என் கையை நானே பார்க்கவில்லை.

“ராத்திரி இவளைத் தொட்டீங்களா?”

இவர்தான் சொன்னார், மெதுவாக. “மூச்சு வருதான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பா டாக்டர். பொறந்ததுலேருந்தே.”

குரலில் கேலி இல்லை. தூங்குகிறார் என்று நான் நினைத்த ராத்திரிகளில் எல்லாம் இவர் தூங்கவில்லையா?

அத்தையைப் போனில் கூப்பிட்டு, சாயப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார் டாக்டரம்மா. பயமில்லை என்றார். “கழுவினாலும் இது கையை விட்டுப் போக நாளாகும். அதுவரைக்கும் அவ மூக்குப் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. அவ பாட்டுக்கு மூச்சு விடுவா. ஒரு நாள் நீங்க மட்டும் வாங்க, உங்களைப் பத்திப் பேசலாம்.”

வாசலில் வந்து நின்று அழுதேன். கீழே செருப்பைப் பார்த்துச் சிரித்தேன். மறுபடி அழுதேன்.

மார்ச் 15

இரண்டு கையையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். “நான் பாத்துக்கறேன், நீ தூங்கு” என்றார் இவர். சொன்ன வாய் மூடவில்லை, குறட்டை.

மார்ச் 18

அவள் பாட்டுக்கு மூச்சு விடுகிறாள்.

மார்ச் 22

கூடை முடிந்தது. சாய்ந்துதான் நிற்கிறது. “பிரம்பு, சாயம், டாக்டர் பீஸ் எல்லாம் சேத்தா வெள்ளியிலயே செஞ்சிருக்கலாம்” என்றார் இவர். சுண்டெலி அதற்குள் உட்கார்ந்துகொண்டாள், அவளும் சாய்ந்தபடி. தூக்கினால் அழுகை. தொட்டி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் இப்போது சிங்க்கில்தான் குளிப்பாளாம். நேற்று டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அடுத்த கட்டுப் பிரம்பு வந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோது இவர் சட்டென்று என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நீலம் எப்போ போச்சு?”

பார்த்தேன். நகக்கண்ணில்கூட இல்லை. சாயம் போனதும் முதல் வேலையாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று காத்துக் கிடந்தவள் நான்.

“தெரியலையே” என்றேன்.