சைடு ஸ்டாண்டில் எடுத்த படம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, வேலை இருக்கு" என்று பாதியில் வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மனைவி வழக்கில் ஜெயித்துவிட்டாள். வக்கீல் வைக்காமல் தானே பேசி ஜெயித்தாள். கூடவே இருந்து பார்த்தவன் நான். உனக்கு முழுசாகச் சொல்லாவிட்டால் என் மண்டை வெடித்துவிடும்.

லேபுக்காக அவளுக்கு வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் வேலை கிடைத்ததும், உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் குளிர் பெட்டி மாட்டினோம். பெட்டி நம்பர் பிளேட்டை மறைத்தது. அதனால் நான் பின் சக்கரத்துக்கு இடது பக்கமாக ஒரு இரும்புத் தாங்கி வெல்டு வைத்து, பிளேட்டை அங்கே மாட்டி, விளக்கும் பொருத்தினேன். ஏழு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் அவளை வழியில் நிறுத்திய போக்குவரத்து இன்ஸ்பெக்டர், "பிளேட் நடுவுலதான் இருக்கணும். இது ஓரத்துல இருக்கு, சாய்ஞ்சு வேற இருக்கு" என்று கூட இருந்த போலீஸ்காரரைப் படம் எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார். தோற்றால் பெட்டியைக் கழற்ற வேண்டும். பெட்டி போனால் வேலையும் போகும். கேஸ் முடிகிறவரை வர வேண்டாம் என்று லேப் மேனேஜர் சொல்லிவிட்டார்.

"அபராதத்த கட்டி, வண்டிய வித்துட்டு, அவள வீட்டுல இருக்கச் சொல்லுங்க" என்று நீ சொன்னாய். என்னிடம்தான் சொன்னாய், அவளிடம் இல்லை. அன்று ரோட்டில் யாரோ எடுத்து, உன் சித்தப்பா உனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவளிடம் நீ பேசுவதே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

மறைப்பானேன், முதலில் நானும் உன் கட்சிதான். கோர்ட்டு என்றாலே எனக்குப் பயம். "பேசாம கட்டிட்டு வந்துடும்மா" என்றேன். "தப்பு பண்ணியிருந்தா கட்டலாம் மாமா. என்ன தப்புன்னு முதல்ல பார்க்கிறேன்" என்றாள். அன்றே விதிப் புத்தகம் வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையில் விரித்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். உன் மகளுக்கு அதே பென்சில்தான் வேண்டும் என்று அழுகை. பிளேட் பின்னாலிருந்து தெரிய வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், விளக்கு வேண்டும், எதுவும் மறைக்கக் கூடாது என்று இருக்கிறதே தவிர, நடுவில் இருக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஆக, ஓரம் ஒரு குற்றமே இல்லை. சாய்வுதான் பாக்கி.

அங்கேதான் நான் உடைந்து போனேன். கேஸ் காகிதத்தோடு வந்த படத்தில் பிளேட் கோணலாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருஷ வெல்டிங் வேலையில் எத்தனை இரும்பு கேட்டு, எத்தனை ஜன்னல் கம்பி! கடைசியில் சொந்த மருமகள் வண்டியில் கோணல் வேலை. எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பேனரோடு வண்டியருகே உட்கார்ந்தேன். கொஞ்சம் நிமிர்த்தி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு. நட்டில் ஸ்பேனரை வைக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"தொடாதீங்க மாமா. தொட்டா நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள்.

"கோணலா இருக்கேம்மா" என்றேன். அவள் படத்தை என் கையில் கொடுத்து, "பிளேட்ட விடுங்க, சக்கரத்தப் பாருங்க. வண்டியே சாய்ஞ்சு நிக்குது. சைடு ஸ்டாண்டுல வச்சு எடுத்திருக்காங்க. உங்க வேலை கோணலா இருக்காதுன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்" என்றாள். என் கையை நானே நம்பவில்லை. அவள் நம்பியிருக்கிறாள்.

கோர்ட்டில் எங்கள் முறை வரும்போது மணி பதினொன்றரை. வக்கீல் இல்லையா என்று நீதிபதி அம்மா கேட்டார். "இல்லைங்கம்மா. விதி நல்லா புரியற மாதிரிதான் எழுதியிருக்கு" என்றாள். உட்கார்ந்திருந்த வக்கீல்களே சிரித்துவிட்டார்கள். நடுவில் வைக்க வேண்டும் என்று எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டதும், இன்ஸ்பெக்டர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அடுத்து, படம் எடுத்த போலீஸ்காரரைப் பார்த்து, "அப்ப வண்டி எந்த ஸ்டாண்டுல நின்னுச்சுண்ணா?" என்றாள். அந்த மனுஷர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார், பிறகு "சைடு ஸ்டாண்டுலதாங்க" என்றார். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடி வைத்தார்.

வண்டியை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நீதிபதி அம்மா கீழே இறங்கி வந்தார். வண்டி நிறுத்துமிடத்தில் கோர்ட்டு ஊழியர்கள் இரண்டு பேருடைய நம்பர் பிளேட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பேரும் மெல்ல நழுவியதை நான் கவனித்தேன். உன் மனைவி ஒரே மிதியில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினாள். பிறகு கைப்பையிலிருந்து என் தூக்குக்குண்டை எடுத்தாள். கேட்டு நேராக நிற்கிறதா என்று நான் பிடித்துப் பார்ப்பேனே, அதே நூலும் குண்டும்தான். எப்போது எடுத்து வைத்தாளோ! பிளேட்டின் ஓரத்தில் நூலைப் பிடித்தாள். குண்டு ஆடி நின்றதும், மேலிருந்து கீழ்வரை நூல் ஓரத்தோடு ஒட்டி நின்றது. நீதிபதி அம்மா இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "இத பொருத்தினது யாரு?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். "நேராத்தான் வச்சிருக்கீங்க" என்றார். அங்கேயே என் கண் கலங்கிவிட்டது.

வழக்கு தள்ளுபடி. மறுநாள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இப்போது உன் சித்தப்பா அனுப்பிய படத்துக்கு வருகிறேன். நடுரோட்டில் இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் கை ஓங்கி நிற்கிறாள் என்றுதானே உனக்குக் கோபம்? அது ஓங்கிய கை இல்லையப்பா. அவர் குளிர் பெட்டியைத் திறக்கப் போனார். உள்ளே பதினான்கு பேருடைய ரத்தம் இருந்தது. வெயிலில் திறந்தால் கெட்டுவிடும் என்று மறித்த கை அது. என்னிடம் அவளாகச் சொல்லவில்லை, அந்தப் போலீஸ்காரர்தான் கோர்ட்டு வாசலில் சொன்னார். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கியவன்தானே நானும்.

கோர்ட்டிலிருந்து அவள் பின்னால் உட்கார்ந்துதான் வந்தேன். "நல்லா பேசினம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். ஹெல்மெட் போட்டிருக்கிறாள், காதில் விழாது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் போனைத்தான் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் நாலு தடவை அப்படிச் செய்தாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போவதும் அவள்தான். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன். கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டுப் பேசு. நான் வழியெல்லாம் விழுங்கிக்கொண்டு வந்ததையும் நீயே சேர்த்துச் சொல்லிவிடு. நீங்கள் இருவரும் மனம் ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா